ஊளையிட்ட கிட்டார்

கிட்டார் கடையில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்கிறீர்கள். "சார், ரெண்டு கிட்டார் பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு சாலிட், ஒண்ணு செமி ஹாலோ. எதை வாங்கட்டும்?" மாதத்துக்கு ஒருவராவது இப்படிக் கேட்டுவிடுகிறீர்கள். கடைக்குள் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும். எதிரே புத்தம்புது ஆம்ப்ளிஃபயர் இருக்கும். அங்கே எதைத் தட்டினாலும் இனிமையாகத்தான் கேட்கும். நான் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன்: "நீ எங்க நின்னு வாசிக்கப் போற?" கிழவன் பதில் தெரியாமல் மழுப்புகிறான் என்று பாதிப் பேர் நினைத்துக்கொள்கிறீர்கள். ஆகவே ஒரு தடவை முழுசாகச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பொன்னேரியில் இருந்த ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தவன் நான். எங்கள் பிழைப்பு பெரும்பாலும் பழவேற்காடு ஏரியைச் சுற்றி இருந்த மீனவக் குப்பங்களில். கல்யாணம், காதுகுத்து, அம்மன் திருவிழா, எல்லாவற்றுக்கும் போவோம். மேடை என்பது சில இடங்களில் நாலு மேசை. சில இடங்களில் கவிழ்த்துப் போட்ட படகின் மேல் பலகை. பல ஊர்களுக்கு மின்சாரமே வந்திருக்கவில்லை. ஜெனரேட்டரைப் படகில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

என்னிடம் முதலில் இருந்தது செமி ஹாலோ. மெட்ராஸில் பழைய சாமான் விற்கும் இடத்தில் வாங்கியது. நடுவில் ஒரு கட்டை ஓடும், இரண்டு பக்கமும் உள்ளே ஒன்றும் இல்லாமல் பொள்ளலாக இருக்கும், மேல்பலகையில் இரண்டு துளை. குரல் அவ்வளவு மென்மை. அதன்மேல் எனக்கு ஒரு பைத்தியமே இருந்தது. ஆனால் பொள்ளலான உடம்புக்கு ஒரு குணம் உண்டு. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றால், ஒலிபெருக்கியில் வருகிற சத்தம் அந்த உடம்பையே அதிர வைக்கும். அந்த அதிர்வு கம்பிக்குப் போய், கம்பியிலிருந்து திரும்ப ஒலிபெருக்கிக்குப் போய், யாரும் தொடாமலே கிட்டார் ஊளையிட ஆரம்பித்துவிடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் மேடையில் மாட்டிக்கொள்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் மாட்டிக்கொண்டது தோணிரேவு என்ற குப்பத்தில். ஆடி மாதம், அம்மன் கோயில் திருவிழா. பட்டப்பகல் கச்சேரி. இடம் போதாமல் என்னைக் குழாய் ஸ்பீக்கருக்கு நேர் கீழே நிறுத்திவிட்டார்கள். பக்திப் பாட்டு உச்சத்துக்குப் போனபோது கூட்டத்திலிருந்த ஓர் அம்மாவுக்கு அருள் வந்தது. ஊரே கும்பிட்டுக்கொண்டு நிற்கிறது. எங்கள் மாஸ்டர், குழுவை நடத்துகிறவரும் பாடுகிறவரும் அவர்தான், கையைத் தாழ்த்தி எல்லாரையும் அடக்கி வாசிக்கச் சொன்னார். நான் கம்பியிலிருந்து கையை எடுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கிட்டார் 'ஊ'வென்று பிடித்துக்கொண்டது. அருள் வந்த அம்மா திடுக்கிட்டு நின்றார். கண்ணைத் திறந்து சுற்றிப் பார்த்தார். அவ்வளவுதான், அருள் மலையேறிவிட்டது. குறி கேட்கக் காத்திருந்த ஜனம் என் பக்கம் திரும்பியது.

அன்றைக்கு ஊராரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டு, அம்மன் முன்னால் விழுந்து எழுந்தவர் மாஸ்டர். ஊர் திரும்பும் படகில்தான் என்னிடம் பேசினார்.

"இன்னொரு வாட்டி இது ஊள வுட்டுச்சின்னு வையி, நீயும் அதுவும் ஒண்ணா எறங்கிக்கினு போய்க்கினே இருங்க. நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

அடுத்த மாதமே எங்கிருந்தோ ஒரு சாலிட் கிட்டாரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டார். ஒரே கட்டையில் அறுத்த உடம்பு, பொள்ளல் கிடையாது. குழாய்க்கு அடியில் நின்றாலும் வாயைத் திறக்காது. நான் வாசித்தால் மட்டும் பேசும். அதனிடம் எனக்கு மரியாதை இருந்தது, ஆசை இல்லை. கம்பி அறுந்தால் மாற்றுக்கு வேண்டும் என்று சாக்குச் சொல்லி, செமி ஹாலோவையும் பெட்டியில் போட்டுக் கூடவே தூக்கிக்கொண்டு திரிந்தேன். மூன்று வருடம் அந்தப் பெட்டியை மேடையில் திறக்கவே இல்லை.

இனி நான் சொல்ல வந்த விஷயம். தை மாதம், ஏரிக்குள் இருந்த ஒரு தீவுக் குப்பத்தில் கல்யாணம். முகூர்த்தம் காலை ஒன்பதுக்குமேல். கச்சேரி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. காலையிலேயே மைக் செட்டில் பாட்டுப் போட வேண்டும் என்பதால் மூன்று பேர் மட்டும் முதல் நாளே போய்விட்டோம். மாஸ்டர், நான், மைக் செட் வைத்திருந்த பழவேற்காட்டு பாய். குழுவின் மற்றவர்கள் பதினொரு மணிப் படகில் வருவதாக ஏற்பாடு.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் என்றால் ஊருக்கு நடுவில் மட்டும் குழாய் கட்டினால் போதாது. சுற்றியுள்ள குப்பங்களுக்கெல்லாம் கேட்க வேண்டும், அது ஒரு கௌரவம். பாய் நான்கு குழாய் கட்டியிருந்தார். பந்தலில் ஒன்று. படகுத்துறைப் பனைமரத்தில் ஒன்று. வடக்குக் கோடியில் ஒன்று. நாலாவது தெற்குக் கோடியில். தெற்குக் கோடியைத் தாண்டினால் முகத்துவாரம், ஏரித் தண்ணீர் கடலில் போய் விழுகிற வாய். அங்கே இழுப்பு அதிகம்.

பெண் வீட்டார் ஏரிக்கு அக்கரையில், சுண்ணாம்புக்குளம் பக்கம். பெண், அவளுடைய அப்பா அம்மா, உறவுக்காரர்கள், நாதஸ்வரம், தவில் எல்லாம் ஒரே பெரிய படகில் விடியுமுன்னே கிளம்பி ஆறரைக்குத் துறைக்கு வந்துவிட வேண்டும் என்று பேச்சு. ஆறு மணிக்கு நான் எழுந்து பார்த்தால் பனைமரத்தின் உச்சி தெரியவில்லை. அப்படி ஒரு பனி. கை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரிகிறது. பாய் பாட்டைப் போட்டார். ஏழு ஆயிற்று. ஏழரை ஆயிற்று. படகு வரவில்லை.

மாப்பிள்ளைக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றான். குனிந்து தண்ணீரில் கை வைத்துப் பார்த்துவிட்டு அவன் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நைனா, தண்ணி வத்துது. கடல்பக்கம் இழுக்குது."

அங்கே நின்ற எல்லாருக்கும் அதன் பொருள் தெரியும். கழி ஊன்றித் தள்ளுகிற படகு அது. பனியில் வழி தவறித் தெற்கே ஒதுங்கினால் முகத்துவாரத்தின் ஆழத்தில் கழி தரையைத் தொடாது. அப்புறம் இழுத்த பக்கம்தான் போக வேண்டும். தேடப்போன ஒரு படகும் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் தானே திசை தெரியாமல் கத்திக் கத்தித் திரும்பி வந்தது.

"பாய், சவுண்ட ஏத்துயா! காது கேக்காத மேரி குந்திக்கினு கீறியே!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். பாய் முழுசாக ஏற்றினார். நான்கு குழாயும் அலறின. வடக்கே சிலர் தட்டைத் தட்டினார்கள், தெற்கே சிலர் டின்னைத் தட்டினார்கள். ஊரே சேர்ந்து கூச்சல் போட்டது. நானும் மாஸ்டரும் அதுதான் சரி என்று நினைத்தோம். சத்தம் அதிகமானால் வழி தெரியும் என்று யாருக்குத்தான் தோன்றாது?

அப்போது ஏரிக்குள்ளிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். இடுப்புவரை நனைந்திருந்தாள். கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களில் ஒருத்தி. வாயில் கடித்துப் பிடித்திருந்த, இறால் போடுகிற பனையோலைப் பறியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நின்றாள். கல்யாணக் கூட்டத்தில் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சும்மா நின்றதால் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, இது இன்னாண்ணே, நாலு பக்கமும் கத்துது? தொறைக்கு வரலாம்னு பாட்டு வந்த பக்கமே நடந்தேன். காலுல கிளிஞ்ச குத்துச்சி. கிளிஞ்ச தெக்காலதான் கெடக்கும். அப்பத்தான் தெக்கால போய்ட்டேன்னு தெரிஞ்சிது. நான் தரையில நடக்கறவ, காலு சொல்லிச்சி. படவுல வர்றவனுக்கு எது சொல்லும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் வழி காட்டவில்லை. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு குழாயைக் கட்டி, வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"இன்னொண்ணு," என்றாள். "கொஞ்சம் வாய மூடுங்க. அவுங்களும் கத்துவாங்க இல்ல? இந்தக் கூச்சல்ல எப்படிக் கேக்கும்?"

பாயிடம் ஓடினேன். துறைக் குழாயைத் தவிர மற்ற மூன்றையும் பிடுங்கச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அரே, பேஜாரு பண்ணாத வாத்யாரே. நாலு கொழாய்க்குப் போற பவரு ஒத்தக் கொழாய்ல போனா உள்ள கிழிஞ்சிடும். அப்புறம் இருக்கறதும் போச்சி."

நியாயமான பேச்சுதான். மூன்றையும் பிடுங்கி, இருந்த ஒன்றும் கிழிந்துவிட்டால் ஊர் என்னை உயிரோடு விடாது. படகும் வராது. இறால்காரப் பெண் சொன்னதை அவரிடம் அப்படியே சொன்னேன். பாய் தெற்குப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு மூன்று வயரையும் பிடுங்கிப் போட்டார்.

இப்போது அந்த ஒற்றைக் குழாயில் எதைக் கொடுப்பது? பாட்டு ஏறி இறங்கும், பனியில் துண்டு துண்டாகத்தான் கேட்கும். மாஸ்டர் மைக்கில் பெண்ணின் அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார். குரல் கரையிலேயே செத்தது. சாலிட் கிட்டாரை வயரில் மாட்டி ஒரு கம்பியை ஓங்கித் தட்டினேன். நாலு எண்ணுவதற்குள் அடங்கிவிட்டது. அது நல்ல கிட்டார், சொன்னதை மட்டும் செய்யும். மைக்கையே குழாய்க்கு நேராகக் காட்டினால் ஊளை வராதா என்று நீங்கள் கேட்பீர்கள். காட்டினோம். கீச்சென்று காதைக் கிழித்தது. பாய் பாய்ந்து வந்து பிடுங்கினார். அந்தக் கீச்சை அடக்கவும் முடியாது, வேண்டிய ஸ்தாயியில் நிறுத்தவும் முடியாது.

பெட்டியைத் திறந்தேன். செமி ஹாலோவைப் பார்த்ததும் மாஸ்டர் முகம் மாறியது.

"அதுவாடா?"

"அதான் மாஸ்டர். அது ஊள வுட்டா நிக்காது. ஆனா நான் கைய வச்சா நிக்கும்."

அவர் மறுக்கவில்லை. பனையிலிருந்து குழாயை இறக்கி, துறையில் கிடந்த படகின் விளிம்பில் ஏரியைப் பார்க்கக் கட்டினோம். கிட்டாரோடு நான் அதன் வாய்க்கு எதிரே நிற்க வேண்டும். அங்கே கணுக்கால் தண்ணீர். கையில் மின்சார வயர்.

"தண்ணில நின்னு வயரப் புடிச்சா ஷாக்கடிச்சி சாவ. எதனா காஞ்ச பலக போடு!" என்று பாய் கத்தினார். மாப்பிள்ளை பந்தலுக்கு ஓடினான். மணையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவனும் பெண்ணும் உட்கார்ந்து தாலி கட்ட வேண்டிய மணை, மஞ்சள் பூசிக் கோலம் போட்டது. பின்னாலேயே அவன் அம்மா, "டேய், அதையா? அதுமேல கால வைக்கப் போறாங்களாடா?" என்று அழுதுகொண்டே வந்தார். "அவ வந்தாத்தானேம்மா மண," என்றான் அவன். படகின் விளிம்பிலிருந்து ஒரு கல்லின் மேல் சாய்த்து, தண்ணீர் படாமல் போட்டான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன். அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஒரு கம்பியைத் தட்டினேன். கிட்டார் அதிர ஆரம்பித்தது. வயிற்றோடு ஒட்டிப் பிடித்திருந்ததால் என் உடம்பும் சேர்ந்து அதிர்ந்தது. குழாயிலிருந்து ஒரே ஸ்வரம், அடங்காமல், நீளமாக, ஏரியைப் பார்த்துப் போயிற்று. மூன்று வருடமாக நான் பயந்துகொண்டிருந்த அதே சத்தம்.

மாஸ்டர் என் எதிரே தண்ணீரில் வந்து நின்றார். கச்சேரியில் நிற்பதுபோல வலது கையைத் தூக்கி விரலை மடக்கியும் விரித்தும் எண்ண ஆரம்பித்தார். எட்டு எண்ணியதும் கையை மூடினார். நான் கம்பிமேல் உள்ளங்கையை வைத்தேன். ஊளை நின்றது. மறுபடி எட்டு எண்ணினார், மௌனத்துக்கு. ஊரையும் வாயை மூடச் சொல்லியிருந்தோம். ஒருவர் இருமினால்கூட மற்றவர்கள் முறைத்தார்கள். எட்டு சத்தம், எட்டு மௌனம். இப்படி எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. விரல் மரத்துப்போயிற்று. குழாயின் குரல் கம்ம ஆரம்பித்தது. பாய் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மௌனத்தில், ஆறு எண்ணும்போது, தெற்கிலிருந்து லேசாக 'தொம்' என்று கேட்டது. மாஸ்டர் விரல் அப்படியே நின்றது. மறுபடி, 'தொம் தொம்.' தவில்.

மாப்பிள்ளை வாயைத் திறந்து கத்தப் போனான். இறால்காரப் பெண் சட்டென்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "கத்தாத. அவுரு வாசிக்கட்டும்."

அடுத்த எட்டு வாசித்தேன். நிறுத்தினேன். எங்கள் மௌனம் தொடங்கியதும் தவில் பேசியது. தவில் நின்றதும் நான் வாசித்தேன். பனிக்குள்ளிருந்து அந்தத் தவில்காரர் எங்கள் கணக்கைப் பிடித்துக்கொண்டுவிட்டார். தெற்கே கேட்டது தென்மேற்கானது. அப்புறம் நேர் எதிரே. கடைசியில் பனியைக் கிழித்துக்கொண்டு படகின் மூக்கு தெரிந்தபோது, எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன். எங்கள் மாஸ்டர் கையைத் தூக்கியபடியே இன்னும் எண்ணிக்கொண்டிருந்தார், நிறுத்தத் தோன்றவில்லை அவருக்கு.

கழி ஊன்றியவர் கரையில் இறங்கியதும் சொன்னது இதுதான்: "பாட்டு கேட்ட பக்கமே வந்துக்கினு இருந்தோம். ரெண்டு வாட்டி கழி தரைய முட்டல. அப்பப் பாத்து பாட்டு நின்னுபோச்சி. செத்தோம்னு நெனச்சேன். வேற பக்கத்துலேந்து இந்த சத்தம் வந்துச்சி." தவில்காரர் கிளம்பியதிலிருந்தே விட்டுவிட்டு அடித்துக்கொண்டுதான் இருந்தாராம். எங்கள் பாட்டில் எங்களுக்குக் கேட்கவில்லை.

மணையைத் துடைத்துப் பந்தலில் போட்டார்கள். முகூர்த்தம் தப்பவில்லை. குழாய் உள்ளே கிழிந்துதான் போயிற்று. பாய் அதற்குக் காசு கேட்கவில்லை. இறால்காரப் பெண்ணை மாப்பிள்ளையின் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதல் பந்தியில் உட்காரவைத்தார்.

ஆகவே, கடையில் நிற்கிற உங்களுக்குச் சொல்கிறேன். வருகிற ஜனம் அதிகம், மேடை சிறியது, ஒலிபெருக்கி தலைக்குமேல் என்றால் சாலிட் வாங்குங்கள். நான் பிற்பாடும் நூற்றுக்குத் தொண்ணூறு கச்சேரி அதில்தான் வாசித்தேன். அது உங்களை அவமானப்படுத்தாது. அடக்கமான இடம், தள்ளி நிற்க வசதி உண்டு என்றால் செமி ஹாலோ வாங்குங்கள், அதன் குரலுக்கு ஈடு கிடையாது. எதை வாங்கினாலும் அதன் கெட்ட குணத்தை முதலில் படியுங்கள். எங்கே ஆரம்பிக்கும், எங்கே கை வைத்தால் நிற்கும் என்று வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். தோணிரேவு அவமானத்துக்குப் பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஊளையை எப்படி அடக்குவது என்று மாதக்கணக்கில் பழகியிருந்தேன். இல்லாவிட்டால் அன்றைக்கு என் கையில் இருந்ததும் வெறும் கூச்சலாகத்தான் போயிருக்கும். இன்னொன்றும் சொல்லவேண்டும். வாசிப்பதற்கு எட்டு எண்ணினால், நிறுத்திக் கேட்பதற்கும் எட்டு எண்ணுங்கள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் எந்த வாத்தியத்தையும் தொட்டவள் இல்லை.

அன்று மத்தியானம் கச்சேரி நடந்தது. பனி விலகிச் சுள்ளென்று வெயில். மற்றவர்களும் வந்து சேர்ந்துவிட்டார்கள். வழக்கம்போல நான் சாலிட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். ஜனங்கள் பிடித்த பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார்கள் அல்லவா, அப்படிப் பத்துப் பன்னிரண்டு சீட்டு வந்தன. மாஸ்டர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். ஒரு சீட்டில் மட்டும் நின்றுவிட்டார். என்னிடம் நீட்டினார். குண்டு குண்டாக எழுதியிருந்தது: 'காலைல படவுல கேட்ட பாட்டு. இப்படிக்கு, கல்யாணப் பொண்ணு.'

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் என் தோளிலிருந்த சாலிட்டைத் தானே கழற்றி வாங்கிக்கொண்டார். பிறகு மைக்கில் குனிந்து, "அடுத்து, மணப்பெண்ணின் விருப்பப் பாடல்," என்று அறிவித்துவிட்டு, என் பக்கம் திரும்பி வலது கையைத் தூக்கினார்.

பெட்டியைத் திறந்து செமி ஹாலோவை எடுத்தேன். ஒலிபெருக்கிக்கு நேராகப் போய் நின்றேன். எட்டு எண்ணும்வரை ஊளையிட விட்டேன். கையை வைத்து நிறுத்தினேன். பந்தலில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அந்த மௌனத்தில், சாப்பிட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தவில்காரர், மடியில் வாத்தியம் இல்லாததால், முன்னாலிருந்த நாற்காலியின் முதுகில் விரலால் தட்டிப் பதில் சொன்னார்.